கொள்ளுப் பருப்பு மணத்த கழுத்துத் துணி

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கிற கரட்டுப்பாளையத்தில், பெயிண்டர் லோகநாதனின் மனைவி கோகிலவாணி, ஐந்து வயது மகள் வர்ணிகாவின் கழுத்தில் கட்டியிருந்த ஜொள்ளுத் துணியை அவிழ்த்து வாளியில் போடப்போனபோது, அந்தத் துணியிலிருந்து பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டுக் கடைந்த கொள்ளுப் பருப்பின் மணம் வந்தது. அந்த வீட்டில் கொள்ளு வாங்கி மாசக்கணக்காகியிருந்தது. முந்தின நாள் ராத்திரி அவர்கள் தின்றது கோதுமை உப்புமா. கோகிலவாணி துணியை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு தடவை மோந்து பார்த்தாள், கொள்ளுதான், சந்தேகமே இல்லை, சரி, இதற்குச் சோப்பு கொஞ்சம் கூடப் பிடிக்கும் என்று நினைத்து அலுத்துக்கொண்டாள். ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை, ஏனென்றால் மகளின் நெஞ்சில் அடுத்த துணி அதற்குள் நனையத் தொடங்கியிருந்தது.

வர்ணிகாவுக்குப் பல் முளைத்த காலத்தில் ஆரம்பித்த ஜொள்ளு, பல் எல்லாம் முளைத்து முடிந்த பிறகும் நிற்கவில்லை. வாய் எப்போதும் திறந்தேயிருக்கும், கீழுதட்டிலிருந்து வாய்நீர் இறங்கி, தாடையில் வழிந்து, துணியை நனைத்து, சட்டையை நனைத்து, வயிறு வரை போகும். தாடையெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினால் அதையும் ஜொள்ளு கழுவிக்கொண்டு போய்விடும். மழலையர் பள்ளி மிஸ், "நிக்கட்டுங்க, நின்னதும் கூட்டிட்டு வாங்க, மத்த பேரண்ட்ஸ் ஒரு மாதிரி சொல்றாங்க" என்று திருப்பியனுப்பிவிட்டார். வீட்டுக்குள்ளும் வாசலிலும் கொடி கட்டி, கோகிலவாணி துவைத்தாள், காயப்போட்டாள், கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி துவைத்தாள், அவளுடைய இளமை அந்த வாளிக்குள்ளேயே கரைந்துகொண்டிருந்தது.

கொள்ளு மணத்தை அடுத்த வீட்டிலிருந்தே பிடித்துவிட்டாள் லோகநாதனின் அக்கா ருக்மணி. கோகிலவாணிக்கு அவள் நங்கை முறை. பெற்றவர்கள் போன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான் என்பதால், அந்த வீட்டில் ஒரு குண்டூசி இடம் மாறுவதென்றாலும் அவளைக் கேட்டுத்தான் மாறும்.

"ஏ கோகிலா, நீ மாசமா இருக்கறப்போ கொள்ளுப் பருப்புக்கு ஆசைப்பட்டியா?"

"இல்லீங் நங்கை."

"ஆசைப்பட்டிருப்ப. மறந்திருப்ப."

"எனக்கு அப்போ எதுவுமே எறங்கலீங். வாந்திதான் எடுத்துட்டிருந்தேன்."

"அதான் சொல்றேன் கண்ணு. ஆசைப்பட்டதத் தின்னாம உட்டா, அந்த ஆச புள்ள வாயில வந்துதான் ஒழுகும். இத்தன நாளா வெறும் தண்ணியா ஒழுகுச்சு. இன்னிக்கு வாயத் தொறந்து பேரையே சொல்லிப்போடுச்சு பாரு."

ருக்மணி அன்றே கொள்ளுக் கடைந்து, நெய் விட்டு, ஒரு தட்டு நிறையக் கோகிலவாணிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்து, கடைசிப் பருக்கை வரை தின்னவைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் துணியில் வறுத்தரைத்த நாட்டுக்கோழிக் குழம்பு மணத்தது. ருக்மணி கோழி அடித்தாள். அதற்கு மறுநாள் தேங்காய்ப்பால் ஊற்றின சந்தகை, இடியாப்பம் மாதிரி. அதையும் பிழிந்து கொண்டுவந்தாள். ஒவ்வொரு தட்டோடும், "இத்தன வகைக்கா ஆசைப்பட்ட?" என்று ஒரு பார்வையும் வந்தது. தெருவில் நடந்தால் பெண்கள் அவளைத் தீனிப் பண்டாரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அந்த மசக்கை மாதங்களில் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான், யாரும் கூப்பிடாமல் ஒரு மத்தியானம் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டும் என்று. அதை எந்தச் சட்டியில் வைத்துச் சமைப்பது? சொன்னாலும் யார் நம்புவது?

தட்டுகள் ஓயவில்லை, ஜொள்ளும் ஓயவில்லை. ஆனால் தெரு என்பது எதையும் அப்படியே சும்மா விட்டுவைக்காது. முதலில் எதிர்வீட்டுக்காரி, ருக்மணி வீட்டில் கோழி மணக்கிறதே என்று தானும் கோழி எடுத்தாள், அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள், கொஞ்ச நாளில் தெரு முழுக்கக் காலையில் எழுந்து பல் விளக்கியதும் லோகநாதன் வீட்டுக் கொடியைத்தான் பார்த்தார்கள். இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்கிற, உலகத்தில் அடுப்பு மூட்டிய காலத்திலிருந்து எந்தப் பெண்ணையும் விட்டு நீங்காத அந்தத் தலைவலி, கரட்டுப்பாளையத்தில் மட்டும் நீங்கிப்போனது. "தினம் இதேதானா?" என்று தட்டை நகர்த்தும் புருஷர்களிடம், "துணியில வந்தத ஆக்கியிருக்கறேன், வேணும்னா போய் மோந்து பாருங்க" என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் பேச்சில்லை. காய்க்காரர் மாரப்பன் டி.வி.எஸ். வண்டியை முதலில் கோகிலவாணி வாசலில் நிறுத்தி, "அம்மிணி, இன்னிக்கு என்ன மணக்குது?" என்று கேட்டு, கொடியில் தொங்கும் துணியிடம் மூக்கை நீட்டிவிட்டு, அதற்குத் தக்கபடி சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வந்தார். மெஸ் நடத்தும் சம்பூரணம் கரும்பலகையில் எழுதிவைத்திருந்த பட்டியலை அழித்துவிட்டு, தினமும் ஒரே வரியை எழுதினாள்: பாப்பா சொன்ன சாப்பாடு.

சங்கடங்களும் வராமல் இல்லை. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை துணியில் வெள்ளாட்டுக் கறி மணத்தது. தெரு கூடி நின்று வெகுநேரம் பேசி, மணப்பது தின்பதாகாது என்று முடிவு செய்து கலைந்தது. அன்று மத்தியானம் பாதி வீடுகளில் ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன, காரணத்தை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இன்னொரு நாள் யாருக்கும் பிடிபடாத ஒரு பருப்பு மணம் வந்து, பெண்கள் திகைத்து நின்றபோது, வடநாட்டுக்கு லாரி ஓட்டும் ஒரு டிரைவர் வந்து மோந்துவிட்டு, "இது நாக்பூர் தாண்டினா ஒரு தாபா இருக்குமுங், அங்க போடற பருப்பு" என்று சொன்னார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது, ஏனென்று அவரும் சொல்லவில்லை, அவர் வீட்டம்மாவும் அதற்குப் பிறகு வெகுநாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

இத்தனை மூக்குகள் வந்து போயின. துணியைப் பாராட்டினார்கள், புதுத் துணிகள் தைத்துப் பூ வேலை செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள், "அலசாம வையி கோகிலா, வெளியூர்லருந்து ஒறம்பரை வர்றாங்க, மோந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவைத்தார்கள். அந்தப் பிள்ளையின் தாடையை ஒருத்தி, ஒரே ஒருத்தி, தன் முந்தானையால் துடைத்துவிட்டிருப்பாளா? கிடையாது.

மத்தியானத் தூக்கத்தில் வர்ணிகா கொர் கொர் என்று குறட்டை விட்டுக்கொண்டே இருப்பாள், திடீரென்று சத்தம் நின்றுபோகும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கப் பார்க்கும், காற்று போகாது. கோகிலவாணி தன்னுடைய மூச்சையும் பிடித்துக்கொண்டு பார்த்தபடியிருப்பாள், பிள்ளையை உலுக்கப்போகிற நேரத்தில் ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். மாதத்துக்கொரு தரம் காது வலி என்று அழுவாள். சோற்றை இரண்டு மெல்லு மென்றுவிட்டு, காற்றுக்காக வாயைத் திறந்து நிறுத்தி, மறுபடி மெல்லுவாள். ஒரு கவளம் இறங்குவதற்குள் அவளுக்கே அலுத்துப்போகும். பிள்ளை ஈர்க்குச்சியாட்டம் இருந்தாள். ஊர் பூராவும் அவள் புண்ணியத்தில் தின்று கொழுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மா துணியை மோந்து, "என்ன, வெந்தயக் குழம்பா?" என்று கேட்டுவிட்டு, அதைத் தள்ளிவைத்து, டார்ச்சை எடுத்துப் பிள்ளையின் வாய்க்குள் பார்த்தாள். பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள்.

"எச்சில் உங்களுக்கும் ஊறுது, எனக்கும் ஊறுது. நமக்கே தெரியாம முழுங்கிட்டே இருக்கோம். முழுங்கணும்னா வாயை மூடணும். வாயை மூடணும்னா மூக்குல காத்து போகணும். இவளுக்கு மூக்குக்குப் பின்னால சதை வளர்ந்து வழியை அடைச்சிருக்கு. அதான் வாய் திறந்தே இருக்கு, அதான் ஒழுகுது. காது வலி, குறட்டை எல்லாம் அதுனாலதான். கைக்குழந்தைக்கு ஒழுகினா பரவாயில்ல, நாலு வயசு தாண்டியும் ஒழுகினா என்னன்னு பார்க்கணும்மா. தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு சொல்றீங்க, தள்ளிப்போடாதீங்க. சதையை எடுத்துடலாம்."

"நான் மாசமா இருந்தப்போ ஏதாச்சும் தின்னாம உட்டதுனாலயா டாக்டர்?"

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லம்மா. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வருவது போலக் கோகிலவாணி ஊருக்குக் கொண்டுவந்தாள். வந்து இறக்கி வைத்தால் வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. லோகநாதன் கையில் ஒட்டிய பெயிண்டை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டே, "அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்றான். அக்கா தெருவைக் கேட்டாள். தெரு திடுக்கிட்டுப்போனது.

"சதைய எடுத்தா வாசமும் போயிருமே?" என்றாள் சம்பூரணம்.

"போகட்டுமே!"

"அதென்ன அப்படிச் சொல்லிப்போட்ட? ஊருக்கு வந்த பாக்கியம்."

"பாக்கியம் உங்குளுக்குங். மூச்சு முட்டறது என்ற புள்ளைக்குங்."

யாரும் அவளோடு சண்டை போடவில்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஐயோ பாவம் என்றார்கள், கத்தி வைத்ததால் குரல் போய்விட்ட ஒரு பையனைப் பற்றியும், மயக்க மருந்து கொடுத்ததால் மந்தமாகிப்போன ஒரு பெண்ணைப் பற்றியும், அந்தப் பையனும் பெண்ணும் எந்த ஊர் என்று தெரியாமலே சொன்னார்கள். கடைசியில் ருக்மணி ஒரு வழி கண்டுபிடித்தாள். வர்ணிகா வயிற்றிலிருந்தபோது கோகிலவாணிக்கு ஏழாம் மாதக் கட்டுச்சோறு விருந்து சரியாக நடக்கவில்லை, அவள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாள், சோறெல்லாம் தெருவுக்குப் பங்கு போட்டாயிற்று. குறை அங்கேதான் இருக்கிறது. விட்டுப்போன விருந்தை இப்போது நடத்தி, எல்லாச் சோற்றையும் அவளைத் தின்னவைத்துவிட்டால், ஆசை தீர்ந்து ஜொள்ளு தானாக நின்றுவிடும்.

"அப்படியும் நிக்கலீன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றாள் ருக்மணி.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகக் கோகிலவாணி ஒப்புக்கொண்டாள்.

வயிற்றில் பிள்ளையில்லாத ஒருத்திக்கு, ஐப்பசி வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து, பந்தல் போட்டு, மனையில் உட்காரவைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். வளையல் போட வந்த அம்மாள் வழக்கம்போல, "எத்தனாவது மாசமுங்?" என்று கேட்க, "அஞ்சு வருசமுங்" என்று ருக்மணி பதில் சொல்ல, அந்த அம்மாளும் சரியென்று தலையாட்டி முழங்கை வரைக்கும் வளையல் ஏற்றினாள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, சர்க்கரைச்சோறு, தயிர்ச்சோறு என்று வரிசையாக இலையில் வந்து இறங்கின. அன்றைக்குப் பார்த்து வர்ணிகாவின் துணியும் ஒரே மணத்தோடு நிற்கவில்லை, ஒரு மூலையில் புளி, ஒரு மூலையில் எள்ளு, நடுவில் ஏலக்காய் என்று மொத்த விருந்தும் அதில் மணத்தது. சம்பூரணம் துணியை அவிழ்த்து எடுத்துப்போனாள். பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி, கண்ணை மூடிக்கொண்டு மோந்தார்கள். வேறு துணி கட்டிவிட யாருக்கும் தோன்றாததால் பிள்ளையின் பட்டுப்பாவாடை நனைந்துகொண்டிருந்தது.

கோகிலவாணிக்கு நாலாவது சோற்றிலேயே குமட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு ஒரு வாய் ஊட்டினாள். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

"இதுல எந்தச் சோறு சாமி நல்ல வாசமா இருக்குது?"

வர்ணிகா மென்றாள், நிறுத்தினாள், வாயால் மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்:

"வாசம்னா என்னம்மா?"

விளையாடுகிறாள் என்று கோகிலவாணி சிரித்தாள். தலையிலிருந்த மல்லிகையை உருவி அவள் மூக்கருகே பிடித்து, "இத மோந்து பாரு" என்றாள். பிள்ளை பூவுக்கு நேராக வாயைக் கொண்டுபோய், ஹா என்று காற்றை இழுத்தது.

"வெள்ளையா இருக்குது" என்றது.

கோகிலவாணி கற்பூரத்தை எடுத்துப் பிடித்தாள். அதுவும் வெள்ளையாக இருந்தது. எள்ளுச்சோற்றைப் பிடித்தாள். அது கறுப்பாக இருந்தது. புளி, நெய், சந்தனம் என்று வளையல் குலுங்கக் குலுங்க ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்தாள். புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும், உப்பு தெரியும், அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு எந்தச் சோறும் ஒரே சோறுதான், எந்தக் குழம்பும் ஒரே குழம்புதான், அம்மாவின் மடிகூட வெறும் சூடுதான். பந்தலின் அந்தக் கோடியில் பத்துப் பதினைந்து பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு அவள் துணியை மோந்து, ஆகா ஆகா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கோகிலவாணி மனையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"பாதியில எந்திரிக்கக் கூடாது, உக்காரு!" என்றாள் ருக்மணி.

"ஊருக்கெல்லாம் வாசம் குடுக்கற புள்ளைக்கு ஒரு வாசமும் தெரியலீங் நங்கை! இத்தன வருசமா அவ சோறு தின்னலீங், மென்னு முழுங்கியிருக்கறா. ஒருத்தராச்சும் அவகிட்டக் கேட்டீங்களா? நானே கேக்கலையே! பெத்த நானே இன்னிக்குத்தான கேக்கறேன்!"

அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்தனமும் வளையலுமாக அப்படியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கன்னத்துச் சந்தனத்தைப் பார்த்த கண்டக்டர், மாசமாக இருக்கிற பொம்பளை என்று முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். அவள் அவரைத் திருத்தவில்லை. லோகநாதன் வண்டியில் துரத்திக்கொண்டு வந்தான், எதற்காகத் துரத்தினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் பக்கத்தில் வந்து நின்று, நடந்ததை அவள் வாயால் கேட்டு, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டான். அக்காவைக் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அது.

சதையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து, தொண்டை வலி அடங்கி, வீடு வந்து சேர்ந்த சில நாளில் வர்ணிகாவின் வாய் மூடிக்கொண்டது. தூக்கத்தில் மூச்சு சீராக வந்தது. துணி காய்ந்து கிடந்தது, அதில் சோப்பு மணம் தவிர வேறெதுவுமில்லை.

தெருவுக்குத்தான் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் அடுப்பு முன்னால் நின்று என்ன வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். புருஷர்கள் மறுபடி தட்டை நகர்த்தினார்கள். மாரப்பன் எதை எடுப்பதென்று தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்து வந்து, பாதியை அழுகவிட்டார். சம்பூரணத்தின் கரும்பலகை காலியாகவே கிடந்தது. ருக்மணி வாக்குக் கொடுத்தபடி வாயே திறக்கவில்லை, அந்த மௌனத்தைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்குப் பல தடவை வாசலைக் கடந்துபோனாள்.

அதையெல்லாம் கோகிலவாணி பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பிள்ளைக்கு வாசம் வரவில்லை. தினமும் பூவை நீட்டினாள், காப்பித்தூளை நீட்டினாள், பெருங்காய டப்பாவைத் திறந்து நீட்டினாள். வர்ணிகா இப்போது வாயை மூடிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி மூக்கால் இழுத்து, அம்மாவின் முகத்தையே பார்த்து, பாவம், அம்மா சந்தோஷப்படட்டும் என்று ஒரு தடவை "வருது" என்று பொய்கூடச் சொன்னாள். "வீக்கம் வத்தட்டும்மா" என்றாள் டாக்டரம்மா. எப்போது வத்தும்? இருந்த அதிசயத்தையும் கெடுத்து, பிள்ளைக்கும் ஒன்றும் கிடைக்காமல், ஒன்றுமில்லாததற்காகவா இத்தனையும் செய்தேன் என்று அவள் தன்மேலேயே எரிந்து விழுந்தாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை அவள் பாலை அடுப்பில் வைத்திருந்தபோது, வாசலில் ருக்மணியும் சம்பூரணமும் இன்னும் நாலைந்து பேரும் வந்து நின்று கூப்பிட்டார்கள். ருக்மணி கடைசியில் வாயைத் திறந்துவிட்டாள்.

"ஏ கோகிலா, பழைய துணி ஏதாச்சும் ஒண்ணு அலசாம வெச்சிருக்கறியா? ஒண்ணே ஒண்ணு. தெனம் ஆளுக்கொருக்கா மோந்துக்கறோம்."

"இல்லீங். எல்லாத்தையும் சோடா போட்டு வேகவெச்சுத் துவைச்சுப்போட்டேன்."

"அடிப்பாவி! உன்ற ஒருத்தி பிடிவாதத்துல ஊரே..."

பேச்சு வளர்ந்தது. கோகிலவாணி இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள், தின்னச் சொல்லித் திணித்த தட்டுகளை, மோந்து பார்த்த மூக்குகளை, ஒரு தரம்கூடத் துடைக்காத தாடையை. அந்தச் சத்தத்துக்கு நடுவில், வீட்டுக்குள்ளிருந்து வர்ணிகா முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கை உள்ளங்கையால் தேய்த்தபடி வந்து நின்றாள்.

"அம்மா, மூக்குக்குள்ள என்னமோ வந்துருச்சு."

கோகிலவாணி ரத்தமா என்று குனிந்து பார்த்தாள். மூக்கு சுத்தமாக இருந்தது.

"என்ன சாமி வந்துச்சு?"

"தெரியல. கசக்குது. மூக்குல கசக்குது." பிள்ளை திரும்பிச் சமையல்கட்டைக் கை காட்டினாள். "அங்கருந்து வருது."

அப்போதுதான் வாசலில் நின்றவர்களுக்கும் அது எட்டியது. ருக்மணி மூக்கை உறிஞ்சினாள்.

"பாலு தீயுதுடி, ஓடு! சட்டியே கருகிப்போயிரும், போயி எறக்கு!"

கோகிலவாணி ஓடவில்லை. வாசற்படியிலேயே மகளுக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கண்ணை அகல விரித்து, வாயை இறுக மூடி, மறுபடி மறுபடி மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தது. தாயின் கண்ணிலிருந்து வழிந்தது தாடை வரை இறங்கியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"இருங் நங்கை" என்றாள். "இன்னுங் கொஞ்சம் கருகட்டும். புள்ள மோந்துட்டிருக்கறா."